தலை வடிவ ஹெல்மெட்: குழந்தையைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்குத் தலை ஒரு பக்கம் தட்டையாக இருந்ததால், வடிவம் சரியாக ஒரு ஹெல்மெட் போடச் சொல்லியிருந்தார்கள். அது வந்த மூன்றாம் நாள், இரவிலும் போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று இரவு இரண்டு மணிக்கு நான் அதைக் கழற்றிவிட்டேன். அவளுக்கு அப்போது ஐந்தரை மாதம். வீறிட்டெல்லாம் அழவில்லை. விட்டுவிட்டுச் சிணுங்கினாள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள். வியர்த்துப்போன அந்தத் தலையைத் தடவியபடியே, காலையில் போட்டுக்கொள்ளலாம், இப்போதாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த இரவும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாள் பகலில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். பழகிப்போக வேண்டிய ஒரு பொருளைத் தினமும் அவளுக்குப் புதிதாக்கிக்கொண்டிருந்தது நான்தான்.

ஹெல்மெட்டை அளவெடுத்துச் செய்து பொருத்தும் ஆர்த்தோட்டிஸ்ட்டிடம் இதைச் சொன்னபோது, அழுகையை வைத்து முடிவு செய்யாமல் தோலைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார். அதன் பிறகு வந்த மாதங்கள் முழுக்க எனக்கு உதவியது அந்த ஒரு பேச்சுதான். இங்கே எழுதுவதெல்லாம், மருத்துவர் குழந்தையைப் பார்த்து, மண்டையோட்டுத் தையல்கள் (மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள்) முன்கூட்டியே ஒட்டிக்கொண்ட பிரச்சினை இல்லை என்று உறுதிசெய்து, ஹெல்மெட் தேவை என்று சொன்ன பிறகான விஷயங்கள்.

பாவம் பார்த்துக் கழற்றுவது

ஹெல்மெட் தலையை இறுக்கிப் பிடித்துத் திருத்துகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் பாவமாக இருந்தது. உண்மையில் அது புடைத்த இடத்தைத் தொட்டபடி நிற்கும். தட்டையான இடத்தில் உள்ளே கொஞ்சம் காலியிடம் விட்டிருக்கும். தலை வளரும்போது இடம் இருக்கிற பக்கமாக வளர்ந்துகொள்ளும். வேலையைச் செய்வது குழந்தையின் வளர்ச்சி. ஹெல்மெட் அதற்கு வழி மட்டும்தான் காட்டுகிறது.

பிறந்த முதல் மூன்று மாதங்களில் தலையின் சுற்றளவு மாதத்துக்கு சுமார் 2 செ.மீ. கூடும். அடுத்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு சுமார் 1 செ.மீ. அதற்குப் பிறகு ஒரு வயது வரை அரை செ.மீ.தான். பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் தொடங்கச் சொல்வதும், ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போடச் சொல்வதும் இதனால்தான். தினமும் இரவில் கழற்றிவைத்தால் பத்து மணி நேர வளர்ச்சி வீணாவதோடு, தட்டையான பக்கம் மறுபடி மெத்தையில் போய்ப் பதியும்.

சிணுங்கும் குழந்தையைச் சமாதானப்படுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. தூக்குங்கள், பாலூட்டுங்கள், தோளில் போட்டு நடங்கள். ஹெல்மெட் மட்டும் தலையில் இருக்கட்டும். எதற்கும் அடங்காத அழுகை என்றால் கழற்றித் தோலைப் பாருங்கள். தோல் நன்றாக இருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது: பசி, பல், வயிறு. ஹெல்மெட் போட்ட வாரத்தில் வீட்டில் எல்லா அழுகைக்கும் ஹெல்மெட்டையே குற்றம் சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது.

அவசரப்பட்டு முழு நேரமும் போட்டுவிடுவது

இது நேர் எதிரான தவறு. சீக்கிரம் பழகட்டும் என்று முதல் நாளே நாள் முழுக்கப் போட்டு வைத்துவிடுவார்கள். குழந்தை பழகிக்கொள்ளும், தோல் பழகாது. வழக்கமாக முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் விடுவார்கள். அடுத்த நாள் இரண்டு மணி நேரம், அதற்கடுத்த நாள் நாலு மணி நேரம் என்று ஏற்றி, ஒரு வாரத்துக்குள் 23 மணி நேரத்துக்கு வருவார்கள். உங்களுக்குக் கொடுத்த அட்டவணை இதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கலாம், அதையே பின்பற்றுங்கள். அந்த முதல் வாரத்தில் பயணம், விருந்தாளிகள், தடுப்பூசி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. எங்களுக்குத் தடுப்பூசியும் காய்ச்சலும் அதே வாரத்தில் வந்து, அட்டவணையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. காய்ச்சல் இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். குழந்தைகளுக்குத் தலை வழியாகவும் உடல் வெப்பம் வெளியேறும். காய்ச்சல் விட்டதும் திரும்பப் போடலாம்.

சிவப்பைப் பார்த்துப் பயப்படுவது, சிவப்பைப் பார்க்காமலே விடுவது

கழற்றியதும் தலையில் சிவந்த தடம் இருக்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நெற்றியின் ஒரு ஓரத்தில், காதுக்குப் பின்னால், பின்மண்டையின் புடைத்த பக்கத்தில், ஹெல்மெட் தொட்டு நிற்கும் இடங்களிலெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்தவுடன் பயந்துவிடாமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மங்கி மறைந்துவிட்டால் அது வெறும் தொடுதலின் தடம். ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தாலோ, தோல் உரிந்திருந்தாலோ, கொப்புளம் தெரிந்தாலோ, மறுபடி மாட்டாமல் ஆர்த்தோட்டிஸ்ட்டைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஃபோமில் அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும், பத்து நிமிட வேலை.

தினமும் கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தின் தொடக்கத்தில் ஒரு புகைப்படமும் முடிவில் ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொண்டேன், அதே ஜன்னல் வெளிச்சத்தில். நேற்று இருந்த சிவப்பா, புதிதாக வந்ததா என்று அதிகாலை அரைத்தூக்கத்தில் நினைவு வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. தோல் நிறம் கருமையாக இருந்தால் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் பக்கத்துத் தோலைவிட அடர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட் சுற்றிக்கொண்டே போகிறது, கண்ணை மறைக்கிறது, காதில் இடிக்கிறது என்றால் வெல்க்ரோ பட்டையை இன்னும் இறுக்கியோ உள்ளே துணியைத் திணித்தோ நீங்களாகச் சரிசெய்யாதீர்கள். எங்கே காலியிடம் விட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பொருள் அது. துணி வைத்தால் அந்தக் கணக்கு போய்விடும். 2014இல் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஹெல்மெட் போட்ட குழந்தைகளுக்கும் போடாத குழந்தைகளுக்கும் இரண்டு வயதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. அதற்கு எழுந்த முக்கியமான மறுப்பே, பல குழந்தைகளுக்கு ஹெல்மெட் நகர்ந்தும் சுழன்றும் சரியாகப் பொருந்தாமல் இருந்தது என்பதுதான். அந்த விவாதம் எப்படிப் போனாலும், பொருந்தாத ஹெல்மெட்டை மாதக்கணக்கில் சுமக்க வைப்பதில் குழந்தைக்கு எந்தப் பலனும் இல்லை. வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ வரச் சொன்னால் தவறாமல் போங்கள். தலை வளர வளர உள்ளே இடம் கொடுத்துக்கொண்டே போனால்தான் ஹெல்மெட் வேலை செய்யும்.

வியர்வையும் நாற்றமும்

முதல் இரண்டு வாரம் நன்றாக வியர்க்கும், பிறகு உடம்பு பழகிவிடும். இதில் நாம் செய்யும் தவறு, குழந்தைக்கு எப்போதும் போடுகிற அளவுக்கே உடை போடுவது. ஒரு அடுக்கைக் குறைத்துவிடுங்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். நசநசவென்று இருந்தால் இன்னும் குறைக்கலாம். ஹெல்மெட்டுக்கு உள்ளே தொப்பி போடக் கூடாது. எண்ணெய், பவுடர், க்ரீம் எதையும் தலையில் தடவிவிட்டு ஹெல்மெட் மாட்டக் கூடாது. வியர்வையோடு சேர்ந்து குழைந்து தோலை ஊறவைத்துப் புண்ணாக்கிவிடும். தினமும் தலைக்குக் குளிப்பாட்டி, முடியின் வேர் வரை காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

ஹெல்மெட்டின் உட்புறத்தை எதனால் துடைக்க வேண்டும் என்று பொருத்தியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் நனைத்துத் துடைக்கச் சொன்னார்கள். குழந்தையைக் குளிப்பாட்டப் போவதற்கு முன்பே துடைத்து வைத்துவிட்டால், குளித்துத் தலை காய்வதற்குள் ஆல்கஹாலும் முழுக்க ஆவியாகிவிடும். ஈரத்தோடு மாட்டினால் எரியும். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, காருக்குள் விட்டுவிட்டுப் போவது மூன்றும் ஆகாது. வெப்பத்தில் ஹெல்மெட்டின் வெளி ஓடு வளைந்துவிடும்.

ஹெல்மெட் இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடுவது

இதைத்தான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். தலை ஒரு பக்கம் தட்டையான பல குழந்தைகளுக்குக் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கும். அதனால்தான் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருப்பார்கள். ஹெல்மெட் கழுத்தைச் சரிசெய்யாது. ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த நீட்டல் பயிற்சிகளை விட்டுவிட்டால், ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் குழந்தை பழைய பக்கத்துக்கே திரும்பிப் படுக்கும். பொம்மையையும் உங்கள் முகத்தையும் அது திரும்பத் தயங்கும் பக்கத்தில் காட்டிக்கொண்டே இருங்கள்.

விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைப்பதையும் விடாதீர்கள். ஹெல்மெட்டின் கனத்தில் தலையைத் தூக்க முடியாமல் முதல் சில நாள் என் மகள் பாயில் முகம் கவிழ்ந்துவிடுவாள். உடனே தூக்கிவிடத் தோன்றும். ஐந்து நிமிடத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்து, ஒரு நாளைக்குப் பல தடவையாகப் பிரித்தோம். என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டால் இன்னும் சுலபமாகத் தூக்கினாள். தூங்கும்போது மட்டும் எப்போதும் போல மல்லாந்துதான் படுக்க வேண்டும், தலையணை இல்லாமல். ஹெல்மெட் போட்டிருப்பதால் இந்த விதி மாறுவதில்லை.

காரில் குழந்தை இருக்கையில் உட்காரவைத்தால், ஹெல்மெட்டின் பின்புறம் தலையை முன்னே தள்ளித் தாடை நெஞ்சில் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் தலைக்கு வைத்திருக்கும் கூடுதல் மெத்தையை எடுத்துவிடுவது பற்றி இருக்கையின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். பால் கொடுக்கும்போது ஓடு உங்கள் முழங்கையில் அழுத்தும், ஒரு சின்னத் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். உதட்டைக் கடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி மாட்டினால் அதைப் பார்த்தே குழந்தை கலங்கிவிடும். பார்க்க வருகிறவர்கள் குழந்தை முன்னால் ஐயோ பாவம் என்று சொன்னால், அது நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். நான் மாட்டும்போதெல்லாம் ஒரே பாட்டின் இரண்டு வரியைப் பாட ஆரம்பித்தேன். இரண்டாம் வாரத்தில் பாட்டு கேட்டதுமே தலையை நீட்டினாள்.

வடிவம் நன்றாகத் தெரிகிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவெடுத்துப் பார்த்து அவர்கள் சொல்லட்டும். நிறுத்திய பிறகு முதல் சில நாள் கூடவே இருங்கள். மாதக்கணக்கில் எதில் மோதினாலும் வலிக்காமல் பழகிய குழந்தை, சுவரையும் கட்டில் காலையும் கண்டுகொள்ளாமல் வேகமாகத் தவழ்ந்து வரும். நாங்கள் அந்த வாரம் முழுக்கக் கட்டில் கால்களில் துண்டைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தோம்.