"விஷமம் உண்டோ?"ன்னு கேட்டா என்ன சொல்லுவான்: ஜெயிலுக்குள்ள மனநல உதவிக்குப் போறவங்களுக்கு

பாலக்காடு சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் நம்மாளுகளுக்கு வீட்டுல தமிழ்தான், ஆனா ஸ்டேஷன், கோர்ட்டு, ஜெயில் எல்லாம் மலையாளத்துல நடக்குது. வெளிய இருக்குறப்ப எப்படியோ சமாளிச்சுக்குவோம், உள்ள போய் மனசு ஒடஞ்சு உக்காந்திருக்கறவனுக்கு அந்த சமாளிப்பு வராது. கவுன்சலிங் டீமோட மொழிபெயர்க்கறதுக்குன்னு போக ஆரம்பிச்சவன் நான், புதுசா வர்றவங்க அடிக்கடி கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

முதல்ல ஒரு கதை. எந்த ஜெயில்னு வேண்டாம். தெக்க இருந்து மாறுதல்ல வந்த டாக்டரு, நல்ல மனுசன், "விஷமம் உண்டோ?"ன்னு கேட்டாரு. மலையாளத்துல விஷமம்னா மனசு வருத்தம். நம்மாளு கைய கட்டிக்கிட்டு "இல்லீங்க சார், நான் ஒரு விஷமமும் பண்ணலீங்க"ன்னுட்டான். சரின்னு அடுத்து "பேடி உண்டோ?"ன்னாரு, பயமா இருக்கான்னுதான் அர்த்தம், இவனுக்கு யாரோ வைய்யற மாதிரி கேட்டுச்சு, மூஞ்சி சுருங்கிப் போச்சு. சீட்டுல தொந்தரவு எதுவும் இல்லன்னு எழுதி முடிச்சாச்சு. நான் பக்கத்துல போய் "சோறு எறங்குதாண்ணா?"ன்னு ஒண்ணுதான் கேட்டேன், பொலபொலன்னு அழுதுட்டாரு. நாலு நாளா சாப்பிடல.

அதனால கேள்விய மொழிபெயர்க்காதீங்க, நம்ம பேச்சுல புதுசா கேளுங்க. மன அழுத்தம் இருக்கான்னு கேட்டா நம்மூர்ல யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. நடுராத்திரி முழிப்பு வந்துடுதா, நெஞ்சு படபடங்குதா, மண்டைக்குள்ள ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கா, யாராச்சும் பேசற மாதிரி காதுல கேக்குதா, இப்படி கேக்கணும். செய்வினை வெச்சுட்டாங்கன்னு சொன்னா சிரிக்காதீங்க, எப்ப இருந்து, யாரு, அப்ப தூக்கம் எப்படி இருந்துச்சுன்னு புடிச்சுக்கிட்டே போங்க, நோய் எப்ப ஆரம்பிச்சுதுன்னு அங்கதான் தெரிய வரும். அவரு சொன்னத டாக்டருக்கு சொல்றப்பவும் அப்படியே சொல்லுங்க, "டிப்ரஷன் சார்"னு நீங்களே பேரு வெக்காதீங்க.

உள்ள போறதுக்கு வழி என்னன்னா, தனியா போய் கேட்டு முன்னாடி நின்னா ஒண்ணும் நடக்காது. மாவட்ட மனநலத் திட்டத்து டீமோட சேந்துக்கலாம், இல்ல மாவட்ட சட்டப்பணி ஆணையத்துல பாரா லீகல் வாலன்டியரா, அதாவது சட்ட உதவித் தொண்டரா பேரு குடுக்கலாம், எப்படிப் போனாலும் சூப்ரண்டு அனுமதி வேணும். போன கேட்டுலயே வாங்கி வெச்சுருவாங்க, நோட்டும் பேனாவும் போதும். பேசறப்ப வார்டர் கண்ணுக்குத் தெரியற தூரத்துல நிக்கட்டும், காதுக்குக் கேக்கற தூரத்துல வேண்டாம்னு தன்மையா கேட்டுப் பாருங்க, பாதி பேரு ஒத்துக்குவாங்க. உக்காந்த உடனே இத சொல்லிருங்க: "நீங்க பேசறத வைத்தியம் பாக்கற டாக்டர் தவிர யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும்." கேஸ் என்ன, செஞ்சியா இல்லையான்னு கேக்கவே கேக்காதீங்க. அது வக்கீல் வேலை.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்ல. உள்ள வந்த மொத ராத்திரி, மொத வாரம், பெயில் தள்ளுபடி ஆன அன்னைக்கு சாயங்காலம், தீர்ப்பு வந்த நாளு, வீட்டுல இருந்து சாவு சேதியோ பொண்டாட்டி பிரிஞ்சு போன சேதியோ வந்த நாளு, இதெல்லாம்தான் ஆபத்தான நேரம். கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தவன் எப்பவும் வாங்கற சோத்த வாங்காம செவத்தப் பாத்து படுத்திருந்தா அன்னைக்கே பேசணும், அடுத்த விசிட்டுல பாத்துக்கலாம்னு விடாதீங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா புதுசா எண்ணம் வந்துரும்னு பயப்படறாங்க, அப்படி வராது, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு நெஞ்சு லேசாத்தான் ஆகும். ஆமான்னு சொன்னா அவர தனியா விடக்கூடாது. பாதுகாப்புன்னு சொல்லி தனி செல்லுல போடறது இருக்கே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம், மனநோய் இருக்கறவங்கள தனிமைச் சிறைல வெச்சு நோய் மோசமாகற நிலைமை வந்தா அது கூடாதுன்னு கைதிகள எப்படி நடத்தணும்னு ஐ.நா. போட்ட மண்டேலா விதிகள், 45ஆவது விதியே சொல்லுது. ரெண்டு நல்ல ஆளுகளோட சேத்துப் போடச் சொல்லுங்க, ஆபீசர்கிட்ட சொல்லி ராத்திரி கண்காணிப்பு கேளுங்க, டாக்டர அன்னைக்கே பாக்க வெய்யுங்க.

அடுத்தது கள்ளும் சாராயமும். நம்ம சித்தூர் பக்கம் கள்ளு எறக்கற ஊரு, தெனமும் குடிக்கறவர திடீர்னு புடிச்சு உள்ள போட்டா ஒடம்பு எகிறும். ஆறேழு மணி நேரத்துலயே கை நடுங்கும், வேர்க்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது மூணாவது நாள்ல இல்லாத பூச்சி செவுத்துல ஊருதும்பாரு, செத்துப்போன அம்மாகிட்ட பேசுவாரு. இத பாத்துட்டு "நடிக்கறான்", இல்லைன்னா "பைத்தியம் புடிச்சிருச்சு"ன்னு விட்டுர்றாங்க. ரெண்டும் இல்ல, உயிர் போற எமர்ஜென்சி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். அதனால வந்த அன்னைக்கே கடைசியா எப்ப குடிச்சீங்க, தெனம் எவ்வளவு, முன்ன நிறுத்துனப்ப வலிப்பு வந்துச்சான்னு மூணு கேள்வி கேட்டு ஜெயில் டாக்டர்கிட்ட சொல்லிருங்க. தயமின்னு ஒரு விட்டமின் ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, இவ்வளவுதான், நேரத்துக்குக் குடுத்தா பொழச்சுக்குவாங்க.

மாத்திரை விஷயம். முன்னாடியே கோயமுத்தூர்ல எங்கயாவது வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தவங்களா இருப்பாங்க, கைதான உடனே மாத்திரை நின்னு போயிருக்கும், கொஞ்ச நாள்ல பழைய நோய் திரும்பிரலாம். வீட்டுக்குச் சொல்லி ஓ.பி. சீட்டு, காலியான மாத்திரை அட்டை ரெண்டையும் கொண்டாரச் சொல்லுங்க. மாத்திரைய நீங்க கைல வாங்கிட்டுப் போயிராதீங்க, கேட்டுல மாட்டிக்குவீங்க, சீட்டு சூப்ரண்டு வழியா டாக்டர்கிட்ட போகட்டும். லித்தியம் (மனசு ரொம்ப ஏறி எறங்கற பைபோலார் நோய்க்குக் குடுக்கற மாத்திரை) சாப்பிடறவங்க இருந்தா தனியா குறிச்சுக்குங்க: மார்ச், ஏப்ரல்ல பாலக்காடு வெயிலு நாப்பது டிகிரியத் தொடும், தண்ணி பத்தலைன்னா லித்தியம் ரத்தத்துல ஏறிரும், வலிக்குன்னு டைக்ளோஃபெனாக் மாதிரி குடுத்தாலும் ஏறும், கை ரொம்ப நடுங்கி வயித்தால போய் தள்ளாடி நடந்தா ரத்தப் பரிசோதனை உடனே வேணும். இன்னொண்ணு, ஜெயில் பிளாக்குல "பேசிட்டேன்" (Pacitane, மனநோய் மாத்திரையால வர்ற நடுக்கம், விறைப்புக்குக் குடுக்கறது) மாத்திரைக்கு கிராக்கி ஜாஸ்தி, போதைக்குக் கேப்பாங்க. அதுக்காக நெஜமாவே தேவைப்படறவனுக்கு நிறுத்தக்கூடாது, கண்ணு முன்னாடி முழுங்க வெச்சாப் போதும்.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 103ஆவது பிரிவு முழுக்க கைதிகளுக்கானது, ஒவ்வொரு மாநிலத்துலயும் ஒரு ஜெயிலோட மருத்துவப் பிரிவுலயாவது மனநலப் பிரிவு இருக்கணும்னு சொல்லுது. கேரளாவுல அரசு மனநல மையம் திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு மூணு எடத்துல, நமக்குக் கிட்ட திருச்சூர். காவல்ல இருக்கறவங்களுக்கு வக்கீல் இலவசம், 15100க்கு கூப்பிடலாம். ஆஸ்பத்திரிக்கு மாத்துனா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுறாதீங்க. அஸ்ஸாம்ல மச்சாங் லாலுங்னு ஒருத்தர், 1951ல புடிச்சு மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க, விசாரணையே இல்லாம 2005லதான் வெளிய வந்தாரு, 54 வருசம், எங்கயோ ஒரு ஃபைலு நின்னு போச்சு. அதனால எந்த தேதி அனுப்புனாங்க, எந்த கோர்ட்டு, அடுத்த வாய்தா எப்பன்னு நோட்டுல எழுதி மாசாமாசம் வக்கீலக் கேட்டுக்கிட்டே இருங்க. தொல்லை பண்றான்னு நெனப்பாங்க, நெனச்சுட்டுப் போகட்டும்.

கடைசியா வெளிய வர்றது. ரிமாண்டுல இருக்கறவங்களுக்கு பெயில் எப்ப வரும்னு சொல்ல முடியாது, உத்தரவு சாயங்காலம் வந்து ராத்திரியே அனுப்பிருவாங்க, மாத்திரை உள்ளயே கெடக்கும். அதனால வைத்தியம் ஆரம்பிச்ச அன்னைக்கே மாத்திரை பேரு, அளவு, வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரில மனநல ஓ.பி. எந்தக் கிழமை, அப்புறம் அரசோட மனநல போன் உதவி, டெலிமானஸ் நம்பர் 14416, அதுல தமிழ்லயும் பேசலாம், இதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல தமிழ்ல எழுதி ஒண்ணு அவங்க துணிமணியோட வெய்யச் சொல்லுங்க, ஒண்ணு வீட்டுல குடுங்க. பேனா மை தண்ணி பட்டா அழிஞ்சுரும், பால்பாயிண்டுல எழுதுங்க.