பேசத் தயங்குகிறவர் தோட்டப் பட்டணத்தில் வீடு வாங்க

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் யார் வீடு விலைக்கு வருகிறது என்பது சாப்பாட்டுக் கடையில் காலையிலேயே அடிபடும். அந்தப் பேச்சில் கலக்கக் கூச்சமாக இருந்தால் கவலை வேண்டாம். பணமுடையில் விற்பவர் ஊர் வாய்க்கு அஞ்சுகிறார்; வாயடக்கம் உள்ளவரையே நம்புவார்.

முதலில் தாமானை, அதாவது வீடமைப்புப் பகுதியை, சுற்றி நடங்கள். மீட்டர் கழற்றிய மின்பெட்டி, நிலைப்படியில் சருகான மாவிலைத் தோரணம், தபால் பெட்டியை அடைத்துக்கொண்டிருக்கும் வெளுத்த பில்கள் எல்லாம் ஒருசேர இருந்தால் அங்கே ஆள் குடியில்லை. லாலாங் புல் மட்டும் வளர்ந்திருந்தால் போதாது. சிங்கப்பூரில் வேலை செய்பவர் தீபாவளிக்கு வந்து தங்கும் வீடாக இருக்கலாம்.

அடுத்து நில அலுவலகம். கிராண்ட் (நிலப் பட்டா) எண், லாட் (மனை) எண், முக்கிம் (உள்வட்டம்) எழுதி, கட்டணம் கட்டி ‘சாரியான் பெர்சென்டிரியான்’ என்ற பட்டா விவரத் தேடல் நகலை எடுங்கள். உரிமையாளர் பெயர், முகவரி, வங்கிக் கடன், கேவியட் (மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) எல்லாம் அதில் வரும். ‘செக்காத்தான்’ (கட்டுப்பாடுகள்) பகுதியைக் கட்டாயம் படியுங்கள்: மலிவு வீடுகள் பலவற்றை மாநில அனுமதியின்றி மாற்ற முடியாது, மலாய் ஒதுக்கீட்டு நிலம் மலாய்க்காரரல்லாத நமக்குக் கிடைக்காது. பெயர் பதிவான தேதியும் முக்கியம். குடிமகன் வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி, 4ஆம் ஆண்டில் 20, 5ஆம் ஆண்டில் 15, 6ஆம் ஆண்டிலிருந்து இல்லை. அதனால் 5ஆம் ஆண்டில் இருப்பவர் பெரும்பாலும் பொறுத்திருப்பார்.

பல கிராண்டுகள் இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே கிடக்கும். உயில் இல்லாத சிறு சொத்தானால், வாரிசுகள் நில அலுவலகத்தில் பாரம் ஏ (பங்கீட்டு விண்ணப்பம்) கொடுத்து, பங்கீட்டு உத்தரவு வாங்கிய பிறகே விற்க முடியும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் இழுபறிதான். உத்தரவு கைக்கு வரும்வரை ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

இனி கடிதம். அரைப் பக்கம், கையால், தமிழில்; பின்பக்கம் மலாயில், பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராமலிருக்கலாம். “ஐயா, தங்கள் வீட்டை விற்கும் எண்ணமிருந்தால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வெளியே சொல்லமாட்டேன்” என்பது போதும். விலை எழுதாதீர்கள். உறையை ஒட்டி அனுப்புங்கள். அட்டையாகப் போட்டால் ஊரே படிக்கும். பதில் இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அவ்வளவுதான்.

ஆள் பிடித்துக் கொடுக்கும்படி கடைக்காரரிடம் கமிஷன் பேசாதீர்கள். பதிவு பெறாதவர் தரகு செய்வது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முன்பணத்தை வக்கீலிடமே கட்டுங்கள். மேலே சொன்ன ஆதாய வரி விழும் விற்பனையில், வாங்குபவர் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து, 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். இதை விற்பவருக்கு முன்பே எழுதித் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்தன்று தொகை குறைகிறதே என்று தகராறு வரும்.