துப்பறியும் கதையிலிருந்து அடுத்த அலமாரிக்கு

எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரே வகை நூல்களே மீண்டும் மீண்டும் இரவல் போயின. துப்பறியும் கதை படித்தவர்கள் அடுத்ததாகவும் துப்பறியும் கதையையே கேட்டார்கள்.

காரணம் அடுக்குமுறையில் இருந்தது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் குற்றப் புலனாய்வு 363-இல் வரும், சங்கேத எழுத்து 652-இல், இலக்கியம் 800-களில். ஒரே ஆர்வத்துக்குத் தீனி போடும் நூல்கள் வெவ்வேறு மூலைகளில் கிடக்கின்றன. கதை அலமாரியோடு திரும்பிவிடும் மாணவர் கண்ணில் மற்றவை படுவதே இல்லை.

வாசலருகே ஒரு மேசை போட்டேன். கைரேகை பற்றிய நூல், சங்கேத எழுத்து நூல், துப்பறியும் கதை எல்லாம் அதில் அட்டை தெரிய நிற்கும். வகை எண் மாறாது, இடம் மட்டும் தற்காலிகமாக மாறும். அதைப் பதிவேட்டில் குறித்துவைப்பது அவசியம், இல்லாவிட்டால் தேடி வருபவர் அலைவார்.

கேள்வியையும் மாற்றினேன். "என்ன வகை நூல் வேண்டும்?" என்பதற்குப் பதில், "போன நூலில் எந்த இடம் பிடித்தது?" புதிர் அவிழ்ந்த இடம் என்றால் கணிதப் புதிர்களைக் காட்டுவேன், ஊர் ஊராகத் துரத்திய இடம் என்றால் பயண நூல். மிகவும் பலித்தது இதுதான். பழகிய வகையில் ஒன்றும் புதியவற்றில் இரண்டும் நீட்டுவேன். முதல் பக்கத்தை அங்கேயே படித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். கட்டாயப்படுத்திக் கொடுக்கும் நூல் திறக்கப்படாமலே திரும்பும்.

கவிதைக்கு மட்டும் மேசை போதவில்லை. ஒரு பக்கத்தை நானே உரக்கப் படித்துக் காட்டுகிறேன். அதன் பிறகே கைகள் நீளுகின்றன.