ஈ-லிக்விட்டை ஊறவைத்தலும் இருப்பு வைத்தலும்

பிரிட்டனில் 2016ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த புகையிலைப் பொருள் விதிகளின்படி, மின்-சிகரெட்டில் ஆவியாக்கி இழுக்கும் திரவமான ஈ-லிக்விட்டை, அதில் நிக்கோடின் கலந்திருந்தால், 10 மில்லிக்கு மேற்பட்ட குப்பியில் விற்கக் கூடாது. நிக்கோடின் செறிவும் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே கூடுதலாக வாங்க விரும்புவோர், 60 மில்லி குப்பியில் 50 மில்லி மட்டும் நிரப்பிய நிக்கோடின் இல்லாத ‘ஷார்ட்ஃபில்’லை வாங்கி, மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோடின் உள்ள 10 மில்லி ‘நிக் ஷாட்’ குப்பி ஒன்றை வீட்டிலேயே சேர்த்து, மில்லிக்கு 3 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். கலந்ததைச் சுவை முதிரும்வரை சில நாள் வைத்திருக்கும், அதாவது ஊறவைக்கும் தேவை பெரும்பாலும் இந்த வீட்டுக் கலவையில்தான் எழுகிறது. ஆயத்தமாக வரும் 10 மில்லி குப்பி, கிடங்கிலும் கடைத்தட்டிலும் பெரும்பாலும் போதிய நாட்களைக் கழித்துவிட்டே கைக்கு வருகிறது. அதை வாங்கி மீண்டும் வாரக்கணக்கில் பூட்டி வைப்பது வீண் பொறுமை.

நிக்கோடின் தோல் வழியாகவும் உடலில் சேரும் நஞ்சு என்பதால், கையுறை அணிந்து, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் இல்லாத இடத்தில் கலக்க வேண்டும்; தோலில் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஷார்ட்ஃபில்களில் பெரும்பாலானவை 70 பங்கு கிளிசரினும் 30 பங்கு புரொப்பிலீன் கிளைகால் என்னும் நீர்த்த கரைப்பானும் கொண்டவை. கிளிசரின் மிகவும் கெட்டியானது. சேர்த்த நிக்கோடின் அதில் தானாகச் சீராகப் பரவாது. மூடியை இறுக்கிவிட்டு ஓரிரு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். காற்றுக்குமிழிகளால் திரவம் வெண்மையாகத் தோன்றும். சிறிது நேரத்தில் அது தெளிந்துவிடும். குப்பியின் மேல் கலந்த தேதியையும் செறிவையும் எழுதி ஒட்டி, அறை வெப்பநிலையில் இருட்டான அலமாரியில் வைத்து, முதல் வாரத்தில் அவ்வப்போது குலுக்கிவிட்டால் போதும்.

இந்த இடைவெளியில் நடப்பது வெறும் கலப்பு மட்டுமல்ல. வெனிலின், பென்சால்டிஹைடு, சின்னமால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடு வகை மணப்பொருட்கள் புரொப்பிலீன் கிளைகாலுடன் வினைபுரிந்து அசிட்டால்கள் என்னும் புதிய சேர்மங்களாக மாறுகின்றன என்பதை 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சுவை முதிர்கிறது என்று நாம் சொல்வதில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. அதே ஆய்வு, இந்தச் சேர்மங்கள் மூச்சுப்பாதையின் எரிச்சல் உணர்விகளை மூலப்பொருட்களைவிட வலுவாகத் தூண்டக்கூடும் என்றும் சொல்கிறது. சுவை மேம்பட்டால் தீங்கு குறைந்துவிட்டது என்று பொருளல்ல. புகைபிடிக்காதவர் இந்தப் பழக்கத்தைத் தொடங்கக் காரணம் எதுவுமில்லை.

எத்தனை நாள் வைப்பது என்பதை மணமே தீர்மானிக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய பழமணங்களில் உள்ள லிமொனீன் எளிதில் ஆவியாகவும் ஆக்சிஜனேற்றம் அடையவும் கூடியது. எனவே அவற்றை ஓரிரு நாளிலேயே பயன்படுத்தத் தொடங்கலாம். காத்திருக்கக் காத்திருக்க இழப்புதான். புதினாவும் மென்தாலும் அப்படித்தான். கஸ்டர்ட், வெனிலா, கேக், புகையிலை மணங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் நன்றாக முதிர்கின்றன. வெனிலா வகைகள் தேன் நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறுவது இயல்பு. ஆனால் வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்படும் அசிட்டோயின் நாளடைவில் டைஅசிட்டைலாக மாறக்கூடும். நுரையீரலுக்குக் கேடு என்பதால் பிரிட்டனில் ஈ-லிக்விட்டில் சேர்க்கத் தடை செய்யப்பட்ட பொருள் அது. நிக்கோடினின் காரத்தன்மை அம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. கஸ்டர்டை மாதக்கணக்கில் வைத்தால் மேலும் சிறக்கும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை.

குறுக்குவழிகள் பல சொல்லப்படுகின்றன. குப்பியை வெந்நீரில் போடுவது, அல்ட்ராசோனிக் கருவியில் வைப்பது, மூடியைத் திறந்து ‘மூச்சுவிட’ வைப்பது ஆகியவை அவற்றில் சில. மிதமான வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் கிளிசரின் இளகிக் கலப்பு எளிதாகும். அந்த அளவில் அது பயன்தான். அதற்கு மேல் சூடேற்றினால் மெல்லிய மணங்கள் முதலில் பறந்துவிடும், நிக்கோடினும் சிதையத் தொடங்கும். மூடி திறந்திருக்கும்போது வெளியேறும் ஆல்கஹால் நெடி ஒரு சிறு ஆதாயம். உள்ளே புகும் ஆக்சிஜனோ நிக்கோடினைப் பழுப்பாக்கி, தொண்டையில் மிளகுக் காரம் போன்ற கசப்பைத் தரும். ஊறுகாய் ஜாடியைப் போல இதை வெயிலில் வைக்கவே கூடாது.

ஊறி முடிந்ததை இருப்பு வைப்பதற்கு ஒளி, வெப்பம், காற்று ஆகிய மூன்றையும் விலக்கினால் போதும். பழுப்புக் கண்ணாடிக் குப்பி எல்லாவற்றிலும் சிறந்தது; மென்மையான பிளாஸ்டிக் நாட்பட நாட்பட மணத்தை உறிஞ்சும். பாதி காலியான குப்பியில் காற்று அதிகம் என்பதால் மீதியைச் சிறு குப்பிக்கு மாற்றுவது நல்லது. காரின் முகப்புப் பெட்டி மிக மோசமான இடம். குளிர்பதனப் பெட்டி நீண்டகால இருப்புக்கு ஏற்றதுதான், ஆனால் உணவோடு சேர்த்து வைப்பது ஆபத்து. குழந்தைகள் திறக்க முடியாத மூடியும் பூட்டுள்ள பெட்டியும் அவசியம்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்-சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையோடு அவற்றைச் சேமித்து வைப்பதையும் தடை செய்கிறது; சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். இவ்விரு நாடுகளுக்கும் பயணம் செய்வோர் குப்பிகளைக் கொண்டு செல்லக் கூடாது.

காலாவதித் தேதி கடந்த, அல்லது குலுக்கிய பின்னும் அடுக்காகப் பிரிந்து நிற்கிற, அல்லது புளித்த நெடி வீசுகிற திரவத்தைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல், மூடிய குப்பியோடு உள்ளூர் நிர்வாகத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.