வாடகை ஃப்ளாட்டில் மீன்தொட்டி லைட்டைத் தொங்கவிட

சீலிங்கில் டிரில் போட வேண்டாம், ஃபேன் மாட்டாமல் சும்மா கிடக்கும் ஃபேன் கொக்கியிலேயே மீன்தொட்டி லைட்டைத் தொங்கவிடுங்கள். பெங்களூரில் பல ஃப்ளாட்களில் ஹாலில் ரெண்டு ஃபேன் பாயிண்ட் இருக்கும், ஒன்றில்தான் ஃபேன் ஓடும். அந்தக் கொக்கியைக் காங்கிரீட் போடும்போதே உள்ளே கம்பியோடு சேர்த்துப் பதித்துவிடுவார்கள்; ஆடிக்கொண்டே ஓடும் ஃபேனைத் தாங்குவதற்கு இருக்கிற கொக்கி அது, அசையாமல் தொங்கும் ரெண்டு மூன்று கிலோ எல்இடி லைட் அதற்கு ஒரு பாரமே இல்லை. காலி செய்யும்போது சீலிங்கில் ஓட்டை என்று அட்வான்ஸில் கை வைக்கவும் வழியில்லை.

மெல்லிய ஸ்டீல் ரோப், கிளாம்ப் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். ரோப்பின் நீளத்தை மாற்றிக்கொள்ளும்படி மாட்டுங்கள், பாசி அதிகமானால் லைட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடலாம். மெயினை அணைத்துவிட்டு ஃபேன் பாயிண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் முனைகளுக்குத் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டுத்தான் கொக்கியில் கை வைக்க வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அப்புறம், லைட் ஒயர் பிளக்குக்குக் கீழே வரை தொய்ந்து பிறகு மேலே ஏறட்டும், ஒயர் வழியே இறங்கும் தண்ணீர் சாக்கெட்டுக்குப் போகாமல் கீழேயே சொட்டிவிடும்.

கொக்கி துருப்பிடித்திருந்தாலோ, ஃபால்ஸ் சீலிங் அதை மூடியிருந்தாலோ இது சரிவராது. தொட்டி கொக்கிக்கு நேர் கீழே இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள், சாய்வாக இழுத்துக் கட்டினால் லைட் ஒரு பக்கமாகவே நிற்கும். அதற்குத் தொட்டி ஸ்டாண்டின் பின்னால் வளைத்த பைப் ஒன்றைக் கிளாம்ப் போட்டு நிறுத்துவதுதான் நல்லது.