ஃபொன்ட்ல போல்ட் காட்டுதில்லயா? ஸ்டேட்டிக் ஃபோல்டரப் பாருங்க

மட்டக்களப்பு மாமாங்கம் கோயில் தீர்த்தத்துக்கு பேனர் அடிக்கணும் எண்டு கல்லடித் தம்பி ஒராள் கூகுள் ஃபொன்ட்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்து இன்ஸ்டோல் பண்ணிட்டாரு, டிசைன் பண்ற கோரல்ட்ரோவத் திறந்தா ரெகுலர் மட்டும்தான் கிடக்கு, போல்ட், பிளாக் ஒண்டையும் காணல்ல. ஃபொன்ட்ல பிழையே இல்ல.

அந்த ஸிப்புக்குள்ள ரெண்டு வகை இரிக்கி. வெளியில கிடக்கிறது வேரியபிள் ஃபைல், தின்ல இருந்து பிளாக் வரைக்கும் 9 கனமும் அந்த ஒரு ஃபைலுக்குள்ளயே. மற்றது ஸ்டேட்டிக் ஃபோல்டருக்குள்ள கிடக்கு, ஒவ்வொரு கனத்துக்கும் ஒவ்வொரு ஃபைல். கோரல்ட்ரோ 2020க்கு முந்தினது, போட்டோஷொப் சிசி 2018க்கு முந்தினதுக்கெல்லாம் வேரியபிளப் பிரிச்சு வாசிக்கத் தெரியா. நம்மட பக்கத்துப் பிரஸ்கள்ல பழைய வேர்ஷன்தான் கூட ஓடுது, அதால இத முதல்ல பாருங்க.

இன்ஸ்டோல் பண்ணின வேரியபிளக் கட்டாயம் அழிச்சிருங்க, ரெண்டும் ஒரே பேர்ல கிடந்தா முட்டும். மறுகா ஸ்டேட்டிக் ஃபோல்டருக்குள்ள வேணும்கிறத செலக்ட் பண்ணி, ரைட் கிளிக்ல எல்லா யூசருக்கும் எண்டு இரிக்கிற இன்ஸ்டோலக் குடுங்க, சும்மா இன்ஸ்டோல் குடுத்தா சில சொஃப்ட்வேருக்குத் தெரியாமப் போகும். சொஃப்ட்வேர மூடித் திறங்க.

அவசரத்துக்கு போட்டோஷொப்ல பொய் போல்ட் (Faux Bold, ரெகுலர் எழுத்தையே சும்மா தடிப்பாக்கிறது) பட்டன மட்டும் அமத்திராதீங்க. ஞ, ண, இ உள்ளுக்க இரிக்கிற சின்ன வளையமெல்லாம் மையால அடைபட்டு, தூரத்துல நிண்டு பாக்கக்குள்ள எழுத்தே கறுப்புப் பொட்டு மாதிரித் தெரியும், தமிழ் எழுத்துக்கு அது வேணாம்.