டிராக்டருக்கு நடுத்தர ரோட்டரி ஸ்லாஷர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னை, மா தோப்புகளில் களையெடுக்க ரோட்டவேட்டர் ஓட்டினால் மேல்மண்ணில் படர்ந்த வேர்களும் சேர்ந்து அறுபடும் என்பதால், மண்ணைக் கிளறாமல் களையை மட்டும் வெட்டிப் பரப்பும் ரோட்டரி ஸ்லாஷரைத் தேடும் விவசாயிகள் உண்டு. கவிழ்த்த இரும்புக் கூட்டுக்குள் இரண்டு அல்லது மூன்று கத்திகள் படுக்கைவாட்டில் சுழல்வதுதான் இதன் அமைப்பு. பார்வைக்கு எளிய கருவியாக இருப்பதால் விலையையும் அகலத்தையும் மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கத்தியால் வருவதில்லை. இன்ஜினுக்கும் கத்திக்கும் இடையில் இருப்பவற்றைக் கவனிக்காததால் வருகின்றன.

‘நடுத்தரம்’ என்றால் எல்லாவற்றையும் வெட்டும் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. பொதுவாக இந்த வகை, 2 அங்குலம் வரை தடிமனுள்ள தண்டுகளுக்காகச் செய்யப்படுகிறது. முழங்கால் உயரப் புல், பார்த்தீனியம், விரல் தடிமனுள்ள புதர்கள், அறுவடை முடிந்த பருத்திமார் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. விழுந்து கிடக்கும் தென்னை மட்டையை இதனால் தூளாக்கிவிடலாம் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவார்கள். அடிமட்டை அகலமும் நாரும் கொண்டது என்பதால் கத்தி அதை வெட்டுவதைவிட உருட்டித் தள்ளுவதே அதிகம். அந்த வேலைக்கு மட்டை தூளாக்கும் இயந்திரம் தனியாக இருக்கிறது. சீமைக்கருவேலத்தின் இளங்கன்றுகளை இது வெட்டும் என்பது உண்மைதான், ஆனால் வேர் மண்ணிலேயே இருப்பதால் மீண்டும் துளிர்க்கும். வெட்டுப்பட்ட அடிக்கட்டை ஈட்டிபோல் நின்று டயரைக் குத்தும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது குதிரைத்திறனைப் பற்றிய குழப்பம். டிராக்டரின் முகப்பில் எழுதியிருப்பது இன்ஜினின் திறன். கருவிக்குப் போய்ச் சேர்வது பிடிஓ (டிராக்டரின் பின்புறம் கருவிகளைச் சுழற்றும் தண்டு) திறன், அது இன்ஜின் திறனில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடுதான். 42 எச்பி டிராக்டர் என்றால் பிடிஓவில் 36, 37 எச்பி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள பரிசோதனை நிலையம் வெளியிடும் டிராக்டர் ஆய்வறிக்கைகளில் இந்த எண் தனியாகவே தரப்பட்டிருக்கும். வெட்டும் அகலத்தில் ஓர் அடிக்கு 5 பிடிஓ எச்பி என்பது நடைமுறைக் கணக்கு. 6 அடி ஸ்லாஷருக்கு 30 போதும். ஆனால் இந்தக் கணக்கோடு நின்றுவிடுவதும் தவறுதான். ஸ்லாஷரின் கியர்பாக்ஸ் எத்தனை எச்பி தாங்கும் என்று கேட்க வேண்டும். அந்த எண் டிராக்டரின் பிடிஓ திறனுக்குக் கீழே இருந்தால், கத்தி எதிலாவது சிக்கும் நாளில் உடையப்போவது கியர்பாக்ஸின் பற்கள்.

அகலத்தைத் தோப்பின் இடைவெளியிலிருந்து கணக்கிட வேண்டும். 25 அடிக்கு 25 அடி நட்ட தென்னையில், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்திருந்தால், இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஏறத்தாழ 4 மீட்டர் மிஞ்சும். 6 அடிக் கருவி இரண்டு ஓட்டத்தில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்தை மட்டும் விட்டுவிடும். 5 அடிக் கருவிக்கு மூன்றாவது ஓட்டம் தேவைப்படும், டீசலும் அதற்கேற்ப ஏறும். கருவி பின்டயர்களின் வெளிவிளிம்பைவிடக் குறுகலாக இருந்தாலும் சரியல்ல, ஏனெனில் டயர் மிதித்துச் சாய்த்த புல் வெட்டுப்படாமலே நிற்கும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது கிளட்ச் பற்றியதை. ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் கிளட்சை மிதித்தால் இன்ஜினோடு உள்ள தொடர்பு மட்டுமே அறும். பிடிஓவும் சக்கரங்களும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். கனமான கத்தித்தட்டு தன் வேகத்தில் சுழன்றுகொண்டே இருப்பதால், அந்த விசை, பிடிஓவையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து டிராக்டரை முன்னால் தள்ளும். வரப்போரமோ கிணற்றோரமோ நிற்பதற்காகக் கிளட்சை மிதித்தவருக்கு வண்டி நிற்காமல் நகர்வது என்ன விளைவைத் தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரட்டைக் கிளட்ச் டிராக்டரில் இந்தச் சிக்கலைத் தவிர்க்க வழி உண்டு. ஒற்றைக் கிளட்ச் வைத்திருப்பவர், ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற பாகத்தைச் சேர்த்தே வாங்க வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழலவிடும் ஃப்ரீவீல் செய்வதைத்தான் அது இங்கே செய்கிறது. ரோட்டவேட்டரில் கத்திகள் மண்ணிலேயே நின்றுவிடுவதால், அதை மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஆபத்து எளிதில் தோன்றுவதில்லை.

ஷாஃப்ட்டின் பாதுகாப்புக்கு சுமை மீறினால் அறுந்துவிடும் ஷியர் போல்ட் வேண்டுமா, தட்டுகள் வழுக்கி அடியைத் தணிக்கும் ஸ்லிப் கிளட்ச் வேண்டுமா என்ற கேள்வியில் விலை குறைந்த ஷியர் போல்ட்டைத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. அது அடிக்கடி அறுகிறதே என்று கடினமான ஹைடென்சில் போல்ட்டை மாட்டுவதுதான் தவறு. அறுவதற்காகவே வைத்த போல்ட் அறாவிட்டால் அடி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும். கல்லும் கட்டையும் நிறைந்த நிலத்தில் ஸ்லிப் கிளட்ச் வசதியானது. ஆனால் மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்தால் அதன் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தளர்த்தி, சற்று வழுக்கவிட்டு, மீண்டும் முறுக்க வேண்டியிருக்கும்.

ஷாஃப்ட்டின் நீளத்தைக் கடையிலேயே முடிவு செய்ய முடியாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அதன் இரு குழாய்களும் வேலையின்போது குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது கவிந்திருக்க வேண்டும், கருவியைத் தூக்கும்போது முட்டிக்கொள்ளவும் கூடாது. ஓவர்ரன்னிங் கிளட்ச் சேர்த்தால் நீளம் சில அங்குலம் கூடிவிடுவதால், சொந்த டிராக்டரில் மாட்டி அளந்த பின்பே குழாயை வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

கூட்டின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் தடுப்பை அலங்காரம் என்று எண்ணி வேண்டாமென்று விடுவோரும் உண்டு. 6 அடி ஸ்லாஷரின் கத்தி நிமிடத்துக்கு 800 சுற்று சுழன்றால் அதன் முனை மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட கல் நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவரையும் தாக்கக்கூடும். கத்தியை இறுக்கமாகப் பொருத்தாமல் போல்ட்டில் மடங்கும்படி விட்டிருக்கிறார்களா, கத்திகளுக்கு நடுவே கட்டையின் மேல் வழுக்கி ஏறும் வட்டத்தட்டு இருக்கிறதா என்பதையும் குனிந்து பார்த்துவிட வேண்டும். சொட்டுநீர்க் குழாய்கள் தரையில் கிடக்கும் தோப்பில் அவற்றை ஓரம் ஒதுக்காமல் ஓட்டினால் குழாய் கத்தியில் சுற்றிக்கொள்ளும்.

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் பெற எண்ணுவோர், பட்டியலில் உள்ள மாதிரிகளுக்குள் மலிவானது எது என்று மட்டும் பார்க்காமல், கியர்பாக்ஸின் திறனையும் கூட்டுத் தகட்டின் தடிமனையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கத்தியும் கத்தி போல்ட்டும் பக்கத்து ஊரிலேயே கிடைக்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. களை தலைக்குமேல் வளர்ந்து நிற்கும் கார்த்திகையில் ஒரு போல்ட்டுக்காகப் பத்து நாள் காத்திருக்க நேரலாம்.